எலி மிஷின்

— அத்தக் கேக்கல சார் நானு. எங்கள எதுக்கோசரம் எலின்னு சொன்னீங்கன்னுதான் கேட்டேன்.

— உங்கள யாரும்மா எலின்னு சொன்னா? அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்ககிட்ட இது எலி விரட்டுற மிஷின்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— அது யார வெரட்டிச்சி?

— பாரும்மா…

— ஒரு எலியாவது ஓடிச்சா சார்? நேத்திகூட ஒரு பெருச்சாளி, தோ, இந்த கேட்டாண்ட வந்து நின்னுச்சி. அது என்னியப் பாத்துச்சி. நான் அத்தப் பாத்தேன். ரெண்டு பேருமே ஓடல. அப்பால அது உங்க ஸ்கூட்டருக்கு அடியில பூந்துகினு போயிடுச்சி.

— உன் பேரு பெர்சிஸ்தானே?

— பெர்சிஸ். பதினேழு வயசு. காசிமேடு நங்கூரம் பொண்ணுங்க ஃபுட்பால் டீமுக்கு கேப்டன். ப்ளஸ் டூ படிச்சிகினு கீறேன். வேற இன்னா வோணும், ஆதார் கார்டா?

— நான் பக்தவச்சலம். இந்த அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி.

— தெரியும் சார். பதினோரு நாளா பால்கனியிலர்ந்து எட்டி எட்டிப் பாத்துகினு கீறீங்களே. இன்னிக்கித்தான் எறங்கி வந்துகீறீங்க.

— கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கு முட்டி வலி. நின்னுகிட்டே பேச முடியாது.

— குந்துங்க. உங்க சொவுருதானே.

— கிண்டலெல்லாம் வேணாம்மா. டீசன்ட்டா பேசலாம்னுதான் வந்திருக்கேன்.

— பேசுங்க. ஆறே முக்கால் வரிக்கும் நான் இங்கதான் கீறேன். எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

— மொத நாள் இந்த காம்பவுண்டு சுவத்துல பதினாலு பேர் வரிசையா உக்காந்திருந்தீங்க. நான் சுவிட்சப் போட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஒருத்தி காதப் பொத்தினா. அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்துல பதினாலு பேரும் காதப் பொத்திகிட்டு ஓடினீங்க. மேலருந்து பாத்துகிட்டுதான் இருந்தேன்.

— சிரிச்சீங்களா?

— எதுக்கு பொய் சொல்லணும். சிரிச்சேன்.

— ம். அப்பால?

— மறுநாள் நீ மட்டும் தனியா வந்து உக்காந்த. அஞ்சரை மணிலருந்து ஒண்ணே கால் மணி நேரம். அசையல. சரி, மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். எலக்ட்ரிஷியன் ஹபீபுல்லாவக் கூப்பிட்டேன். அவன் செல்ஃபோன்ல என்னமோ வச்சிருக்கான், அத காட்டினா சத்தம் இருக்கா இல்லையான்னு முள்ளு ஆடும். நல்லாவே ஆடுச்சு. மிஷின் ஜம்முனு இருக்கு சார்னான். அப்புறம் மூணுல இருந்தத அஞ்சுல வச்சேன். நீ அசையல. ஏழுல வச்சேன். நோட்டு புஸ்தகத்த தொறந்து கணக்கு போட்டுகிட்டு உக்காந்திருந்த. அஞ்சாவது நாள் பத்துல வச்சிட்டேன். அதுக்கு மேல அதுல நம்பரே இல்ல.

— நடுவுல ஒரு நாளு சொவுத்து மேல தண்ணி ஊத்தி வச்சிருந்தீங்க. அத்த சொல்லலியே.

— அது செடிக்கு ஊத்தினது.

— சொவுத்து மேல இன்னா செடி சார்?

— சரி, விடு.

— அத்தயும் வுட்டாச்சி. ஸ்கூல் பைய கீய போட்டு அது மேல குந்தினேன். மறுநாளு போலீஸ்கார அக்கா ஒண்ணு வந்துச்சி. நீங்கதான் அனுப்புனதுன்னு சொல்லிச்சி. இன்னாம்மா பண்றேன்னு கேட்டுச்சி. குந்திகினு கீறேங்கான்னேன். குந்தறதுக்கெல்லாம் கேஸு இல்லன்னு சொல்லிட்டு, அதுவும் ரவ நேரம் பக்கத்துல குந்திட்டுப் போச்சி. நல்ல அக்கா.

— அந்தம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். அவங்களுக்கு கேட்டிருக்காது.

— உங்களுக்கு கேக்குமா சார்?

— எனக்கு எப்படிக் கேக்கும். அம்பத்தெட்டு முடிஞ்சிடுச்சு. அந்தக் கீச்சுச் சத்தம் இருபத்தஞ்சு வயசுக்கு மேல கேக்காதுன்னு டப்பா மேலயே போட்டிருக்கு. அதனாலதானே அத வாங்கினதே. பெரியவங்களுக்கு தொந்தரவு இல்ல.

— ஷோக்கா கீது. கேக்காத ஆளு கையில சுவிட்சு.

— எப்படிம்மா இருக்கும் அது? சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்.

— என் தங்கச்சி அம்மு சொல்றா, பல் டாக்டராண்ட போனா ஒரு மிஷின வுட்டு கொடைவாங்களே, அத்த காதுக்குள்ள வுட்டாமாரி கீதாம். எங்க டீமு மெர்லின் இன்னா சொல்றான்னா, மண்டைக்குள்ள யாரோ தட்டுல கரண்டிய வச்சி தேச்சிகினே கீறாமாரி. ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு மாரி.

— உனக்கு?

— எனுக்கு இன்னா சார். நான் குந்திகினுதானே கீறேன்.

— வலிக்கலையா?

— வலிச்சா இன்னா, வலிக்காட்டி இன்னா? எழுந்து போவ மாட்டேன். அத்தானே உங்களுக்குத் தெரிய வேண்டியது.

— ஏம்மா, இவ்வளவு பெரிய ராயபுரத்துல உங்களுக்கு எங்க சுவர்தான் கெடச்சுதா? உக்கார வேற எடமே இல்ல?

— சொல்லுங்க, எங்க? நான் போறேன்.

— கிரவுண்டுலயே போய் உக்காரலாமே.

— ஆறே முக்கால் வரிக்கும் கிரவுண்டு பசங்களுது. அதுக்கு முன்னாடி உள்ள கால வச்சா பந்து கரெக்ட்டா மூஞ்சிக்குத்தான் வரும். அப்பால சாரின்னு சொல்லிகினு இளிப்பானுங்கோ. எங்க ஃபுட்பால் மாஸ்டரு வந்து நின்னாத்தான் எங்களுக்கு வுடுவானுங்கோ. அவரு பெரம்பூர் கேரேஜ்ல வேல முடிச்சிட்டு வர்றதுக்கு ஆறே முக்கால் ஆயிடுது.

— பீச் ஓரமா கல்லு போட்டிருக்காங்களே.

— அந்தக் கல்லாண்ட சாயங்காலத்துல யாரு குந்தறாங்கோ, இன்னா ஊத்திக்கிறாங்கோன்னு உங்க பால்கனியிலர்ந்தே தெரியுமே சார். அங்க போயி குந்த சொல்றீங்களா? பொண்ணு வச்சிகினு கீற மனுசன்தானே நீங்க.

— அப்போ வீட்லயே இருந்துட்டு ஆறே முக்காலுக்கு நேரா கிரவுண்டுக்கு வரது.

— அங்கதான் சார் விசயமே கீது. உங்களுக்கு மெய்யாலுமே தெரியாதா? எங்கம்மாங்கல்லாம் மீன் வித்துட்டு ஆறு மணிக்கு இந்த வயியாத்தான் வூட்டுக்குப் போவாங்கோ. கூடைய இடுப்புல வச்சிகினு, சொவுத்துல கீற தலைங்கள எண்ணிகினே போவாங்கோ. நிக்கக்கூட மாட்டாங்கோ. பதினாலு தலை இருந்துச்சின்னா, சரி, பொண்ணுங்கல்லாம் ஒண்ணாத்தான் கீதுங்கோ, ஆடிட்டு வரட்டும். தலை கொறஞ்சிச்சின்னா அன்னிக்கி ஆட்டம் கட்டு. யாரும் எங்களாண்ட வந்து வாயத் தொறந்து இத்த சொன்னதில்ல. ரெண்டு வர்சமா இப்டித்தான் ஓடிகினு கீது. இந்த சொவுத்துல குந்தினாத்தான் ரோட்டுலர்ந்து தெரியும். மேல லைட்டு கீது. அதான் சார். உங்க சொவுத்து மேல எங்களுக்கு ஒண்ணும் ஆச இல்ல.

— அப்படி ஒரு விஷயம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல.

— நீங்க கேக்கல. சுவிட்சப் போட்டீங்க.

— கேப்டன். ஏய் கேப்டன். அய்ய, இவுரு வேற குந்திகினு கீறாரா.

— வா மெர்லின். காதுல இன்னா இத்தினி பஞ்சு, தலகாணியக் கிய்ச்சிட்டியா?

— சத்தியமா சொல்றேன், பஞ்சு இல்லாங்காட்டி கேட்டாண்டகூட வர முடியாது. இன்னாத்துக்கு சார் இத்தினி ஏத்தி வச்சிகீறீங்க? மாதாவே, பல்லெல்லாம் கூசுது.

— நீ யாரும்மா?

— நான் மெர்லின் சார். லெஃப்ட் பேக்கு. மொத நாளு கண்ணு மண்ணு தெரியாம ஓடுனதுல நானும் ஒருத்தி. பொய் சொல்ல மாட்டேன், பயந்துட்டேன். எங்க கேப்டன்தான் மறுநாளே போயி குந்திட்டா. இவ வூட்டுக்கு நாங்க பத்து தபா போயி சொல்லிட்டோம், வோணாம்டி, காது அவிஞ்சிடும்டின்னு. கேக்கவே மாட்டா.

— அத்த வுடு. மாஸ்டரு இன்னா சொன்னாரு?

— அதான் ஓடியாந்தேன். பஸ்ஸு ஏறிட்டாராம். சனிக்கெயம லீக்குக்கு பேரு குடுக்கணுமாம். பதினோரு பேரு இல்லாங்காட்டி டீமே இல்ல, நான் வேலையப் பாத்துகினு போறேன்னு சொல்லிட்டாரு. பிராங்கிளின் மாஸ்டரு கோவமா பேசுனாக்கூட பரவால்ல கேப்டன். சாதாரணமா சொன்னாரு. அதான் பேஜாரா கீது.

— இப்போ எத்தினி பேரு கீறோம்?

— ஏயு. நேத்தி எட்டு. அன்புக்கரசிய அவங்கம்மா டெய்லரிங் கிளாஸ்ல சேத்துட்டாங்கோ. இனிமே டெய்லி சாயங்காலம் அங்கதான். சொவுத்துல ஒரே ஒரு தலதான் கீது, மத்ததுங்கல்லாம் எங்க மேயுதுங்கோன்னு கேட்டாங்களாம். அவ அயுதுட்டா.

— கேட்டீங்களா சார்? உங்க மிஷினு எங்கள சொவுத்துலர்ந்து வெரட்டல. கிரவுண்டுலர்ந்தே வெரட்டிகினு கீது.

— சரி. உன் கஷ்டத்த நீ சொல்லிட்ட. என் கஷ்டத்தையும் கேளு. மூணாவது மாடியில டோரதி மேடம்னு ஒருத்தங்க. அவங்க பையனுக்கு ஒம்பது வயசு. ஒரு வாரமா சாயங்காலம் ஆனா காதைப் பிடிச்சிகிட்டு அழறான். காதுல சீழ் இருக்கும்னு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் குடுத்திருக்கார். ரெண்டாவது மாடியில ட்வின்ஸ். அதுங்க சோறே சாப்பிட மாட்டேங்குதாம். நேத்து அந்தப் பையன் பால்கனியில வந்து நின்னு, வெரல நீட்டி இந்த டப்பாவக் காட்டிட்டான். அம்மா, அந்த எலி மிஷின்தான் கத்துதுன்னு.

— அய்யோ பாவம். சார், அந்தக் கொயந்தைங்களுக்கு பஞ்சு குடுக்கட்டா? நெறைய கீது.

— மெர்லின், கம்னு இரு. மேல சொல்லுங்க சார்.

— மேல சொல்ல என்ன இருக்கு. எல்லாரும் ஹபீபுல்லாவக் கூப்பிட்டு விசாரிச்சிட்டாங்க. அவன் என்ன மிஷின்னு அப்படியே சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை மீட்டிங். என்னை செக்ரட்டரியிலருந்து தூக்கறதுக்கு. ஆறு வருஷம் இந்த பில்டிங்குக்கு நாயா உழைச்சிருக்கேன். தண்ணி லாரி வரலன்னா நடுரோட்ல போய் நிக்கிறது நான்.

— எங்கள இன்னா பண்ண சொல்றீங்க?

— நீ எழுந்து போனாப் போதும். பழையபடி மூணுல வச்சிடுவேன். மேல இருக்கிற பசங்களுக்கும் கேக்காது. நீ உக்காந்ததாலதானே நான் ஏத்தினேன். பிடிவாதம் பிடிக்கிறது நீ, அழறது அந்தப் பசங்க. அத யோசிச்சியா? நீயும் ஒரு தங்கச்சி வச்சிருக்கிற.

— டோரதி மேடம் பையன் பேரு இன்னா சார்?

— பேரா? அது… சட்டுனு ஞாபகம் வரல.

— அவன் கீய எறங்கி வந்தான்னா அவன் கைய புடிச்சிகினு நான் சாரி சொல்றேன். மெய்யாலுமே மனசுக்கு கஷ்டமாத்தான் கீது. எனுக்கு இத்து தெரியாது. ஆனா சுவிட்சு என் கையில இல்ல சார். நான் குந்தினேன், அவ்ளோதான். மூணுலர்ந்து பத்துக்கு ஏத்துனது உங்க வெரலு. அத்தத் தூக்கி என் தலையில கட்டாதீங்க.

— சரி, ஒண்ணு பண்றேன். அஞ்சரைலருந்து ஆறு வரைக்கும் ஆஃப் பண்ணி வைக்கிறேன். உங்க அம்மாங்க பாத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க கெளம்பிடணும்.

— கெளம்பி? ஆறே முக்கால் வரிக்கும் ஆகாசத்துல தொங்கறதா?

— ஆறே கால்.

— சார், எங்களாண்டயே மீன் பேரம் பேசறீங்களா?

— ஆறரை. ஏழு பேர் மட்டும். சத்தம் போடக் கூடாது. அப்புறம் அந்த அரை டவுசர் போட்டுகிட்டு ரோட்டப் பாத்து உக்காரக் கூடாது.

— டவுசர் இல்ல சார், அது ஷார்ட்ஸு. ஜெர்சியோட செட்டா வர்றது.

— மெர்லின், நான் பேசிக்கிறேன். சார், எங்களுக்கு நேரமும் வோணாம், நம்பரும் வோணாம். மிஷின கய்ட்டுங்க.

— அது நடக்காதும்மா. கமிட்டியில வச்சு, கையெழுத்து வாங்கி மாட்டினது.

— எலிக்குன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்குனீங்க. டகால்டி வேல.

— இன்னாமே, வுட்டா பேசிகினே போற? போனாப் போவுது, பொட்டப்புள்ளயாச்சேன்னு நானும் ரொம்ப நேரமா பொறுத்துகினு கீறேன். நீ இன்னாடான்னா ஓவரா ராங்கு காட்டிகினு கீற. என் வூட்டு வாசல்ல குந்திகினு எனுக்கே சட்டம் சொல்றியா நீ?

— தோடா.

— கேப்டன், சாரு நம்ம ஆளு.

— எந்த ஏரியா சார் நீங்க? கரெக்ட்டா சொல்லுங்க.

— …இங்கதான். பனைமரத்தொட்டி.

— அத்த வுட்டுட்டு இவ்ளோ நேரமா நியூஸ் வாசிக்கிறாமாரி பேசிகினு இருந்தீங்களே சார்.

— முப்பது வருஷம் ஹார்பர் ஆபீஸ்ல இருந்தேன்மா. சேந்த புதுசுல வாயத் தொறந்தா போதும், நாலு பேர் சிரிப்பானுங்க. நான் கேட்டது ஒரு ஃபைல்தான், அவனுங்களுக்கு அது நாடகம். மாத்திக்கிட்டேன். இப்போ கோவம் வந்தாத்தான் இது வெளிய வருது.

— இது வெளிய வந்தாத்தான் நீங்க நல்லா கீறீங்க.

— சிரிக்காதம்மா. நான் எதுக்கு இந்த மிஷின மாட்டினேன்னு உனக்குத் தெரியுமா? போன மாசம் என் பொண்ணு மகிழினியப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. அண்ணா நகர்லருந்து. கார்லருந்து இறங்கறாங்க, சுவத்துல நீங்க பதினாலு பேர். ஒருத்தி சிப்ஸ் தின்னுகிட்டு, ஒருத்தி பந்த மண்டையால தட்டிகிட்டு.

— மண்டையால தட்டுனது நான்தான் சார். ஹெட்டிங் பிராக்டீசு.

— அந்தம்மா என்னப் பாத்துக் கேட்டாங்க. ஏங்க, இந்த பில்டிங் குப்பத்துக்குள்ளயா இருக்குன்னு. நான் ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சிகிட்டு, லிஃப்ட் இந்தப் பக்கம்னு கைய காட்டினேன். மறுநாள்தான் ஹபீபுல்லாவக் கூப்பிட்டேன்.

— ஆமாங்க, குப்பந்தாங்கன்னு சொல்லிகீணும் சார். இன்னா தப்பு? நீங்க துன்ற மீனு எங்கர்ந்து வருது? உங்க பால்கனிக்கு வர்ற காத்து எங்க வூட்டத் தாண்டித்தான் வருது. அத்த மட்டும் மிஷின் வச்சி வெரட்ட மாட்டீங்களே.

— அந்த சம்பந்தம் அமையல.

— எங்களாலயா? சொல்லுங்க சார். எங்களாலதான்னா அத்தயும் கேட்டுக்கிறோம்.

— இல்ல. அவங்க சரின்னுதான் சொன்னாங்க. மகிழினிதான் வேணாம்னுட்டா. அந்தம்மா கேட்டப்போ நீ ஏம்ப்பா வாய மூடிகிட்டு நின்னேன்னு கேட்டா. இன்னிக்கி வரைக்கும் எங்கிட்ட சரியா பேச மாட்டேங்குறா.

— அக்கா சூப்பரு. சத்தியமா சொல்றேன், அந்த அக்காவ எங்க டீம்ல சேத்துக்கலாம்.

— மெர்லின்.

— சரி, சரி. பேசல.

— அக்காவுக்கு இந்த மிஷின பத்தி தெரியுமா சார்?

— நேத்துத்தான் தெரியும். எலின்னு எங்கிட்டயும்தானே சொன்னேன்னு கேட்டா. அப்புறம் தட்ட எடுத்துகிட்டு ரூமுக்குள்ள போயி சாப்பிட்டா. சரிம்மா. நான் தோத்துட்டேன்னு வச்சிக்கோ. நாளைக்கு ஹபீபுல்லாவ வரச் சொல்லி கழட்டிடறேன்.

— நாளைக்கு இல்ல சார். இப்போ.

— இப்போன்னா எப்படி? ஏணி வேணும், ஸ்க்ரூ டிரைவர் வேணும்.

— முப்பது வர்சம் ஹார்பர்ல இருந்துட்டு நாலு ஸ்க்ரூ கய்ட்டத் தெரியாதா? ஆறு மணிக்கு அம்மாங்க இப்டி வருவாங்கோ. அதுக்குள்ள நின்னுச்சின்னா மத்த பொண்ணுங்கள நான் கூப்ட்டு குந்த வச்சிடுவேன். இன்னிக்கே பதினோரு தலை தெரியணும் சார். சனிக்கெயமைக்கு இன்னும் ரெண்டு நாளுதான் கீது.

— மணி என்ன?

— அஞ்சு நாப்பத்தஞ்சு சார்.

— நல்லா வந்து மாட்டினேன் உங்ககிட்ட. சரி, இருங்க. மொதல்ல மீட்டர் ரூம்ல போயி அதுக்கு வர்ற கரண்ட நிறுத்திடறேன். அப்புறம் ஏணி எடுத்துகிட்டு வரேன். யாராவது ஒருத்தி கீழ புடிச்சிக்கணும், என் முட்டிய நம்பி ஏற முடியாது.

— நான் புடிச்சிக்கிறேன் சார். கீய வுட மாட்டேன்.

— பெர்சிஸ்.

— சொல்லுங்க சார்.

— பதினோரு நாளு. அதுல ஏழு நாளு பத்துல. எப்டிமே தாங்கின? மெய்யாலுமே கேக்குறேன்.

— பயக்கம் சார்.

— நல்ல பயக்கம். இரு, வரேன்.

— கேப்டன், மனுசன் நடந்து போறதப் பாரேன். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு போறாமாரியே போறாரு. நீ ஜெயிச்சிட்டடி.

— இன்னும் கய்ட்டல. கய்ட்டட்டும்.

— எனுக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. நான் வந்து அஞ்சு நிமிசம்தான் ஆவுது. நீ எப்டித்தான் குந்தினயோ. மனுசியே இல்ல நீ.

— முடியலன்னா அந்தாண்ட போயி நில்லு.

— மாட்டேன். நீ இத்தினி நாளு குந்தின. நான் இந்த ரவ நேரம் குந்த மாட்டேனா? குரூப்புல மெசேஜு போட்டுட்டேன். எல்லாம் தெரு முனையில மாவு மில்லாண்ட வந்து நிக்குதுங்கோ, பாரு. அன்புக்கரசிகூட வந்துகீறா. கிளாஸுக்கு மட்டம் போட்டுட்டு.

— அம்மு?

— அம்முவும்தான். சத்தம் நின்னதும் நீ கைய ஆட்டுவேன்னு சொல்லி வச்சிகீறேன். அப்பால ஓடியாந்து குந்திடுவாளுங்கோ.

— நீ ஆட்டு.

— நான் ஆட்டுனா எவ நம்புவா? நீதான் கேப்டன்.

— நீ ஆட்டுன்னு சொல்றேன்ல.

— ஏன்டி, இன்னாத்துக்கு இப்போ மூஞ்ச தூக்குற? ஒரு கைய ஆட்டறதுல இன்னா… அப்பாடா. மாதாவே.

— இன்னா?

— இன்னாவா? ஆட்டு, ஆட்டு.

— எதுக்கு?

— நின்னுடுச்சேடி.

— நின்னுடுச்சா?

— இப்பத்தான். டக்குன்னு. ஏய், உனுக்குத் தெரியல? பெர்சிஸ். பத்துல இருந்துச்சி. இந்த கேட்டாண்ட எப்பவும் படுத்துகினு கீற நாயிகூட நாலு நாளா இந்தப் பக்கம் வர்றதில்ல. உனுக்கு கேக்கலியா?

— மொதல்ல கைய ஆட்டு மெர்லின். மணி ஆவுது.

— ஆட்டிட்டேன். தோ, வராளுங்கோ. இப்போ சொல்லு.

— ஐஸ் கம்பெனிக்கு விடியக்காத்தால அம்மாகூட போறேன்ல. ஆறாங்கிளாஸ்லர்ந்து. ஐஸ் பார தூக்கி ஒடைக்கிற மிஷின் வாயில தள்ளணும். அது ஓடறப்போ பக்கத்துல நின்னா நம்ம பேசறது நமக்கே கேக்காது. அதுலர்ந்துதான். நீ பேசறது கேக்குது. வண்டி சத்தம் கேக்குது. கீச்சுன்னு வர்ற சத்தம் எத்துவும் கேக்கறதில்ல. கொசு காதாண்ட வந்தாக்கூட தெரியாது. கடிச்சாத்தான் தெரியும்.

— அதான் போன மேட்ச்சுல ரெஃபரி விசிலு ஊதியும் நீ பந்த இஸ்துகினே போனியா? மஞ்ச கார்டு காட்டுனாரே. திமிரு புட்சவன்னு மாஸ்டரு அத்தினி பேரு எதிர்ல திட்டுனாரே.

— திமிருன்னே இருக்கட்டும்.

— இருக்கட்டுமா? மாஸ்டருக்கு சொல்லணும்டி. உங்கம்மாவுக்காவது சொல்லணும்.

— அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அது பதினெட்டு வர்சமா அந்த மிஷினாண்ட நிக்குது. பின்னாலர்ந்து கூப்ட்டா திரும்பாது, எதிர்ல போயி நிக்கணும். என்னிய அங்க இட்டுகினு போனது அதுதான். தெரிஞ்சா சோறு துன்னாது. லீக்கு முடியட்டும், நானே காது ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் கூட வா. அது வரிக்கும் வாயத் தொறக்காத. அந்தாளு ஏணியில ஏறி நாலு ஸ்க்ரூவையும் கய்ட்டி என் கையில குடுக்கற வரிக்கும், எனுக்கு எல்லாம் நல்லா கேக்குது. அவ்ளோதான்.

— இல்ல, நீ என்னிய டபாய்க்கிற. மொத நாளு நீயும்தானே எங்ககூட ஓடுன. என் பக்கத்துலயேதான் ஓடுன. ரெண்டு கையாலயும் காத பொத்திகினு, மூஞ்ச சுளிச்சிகினு. நான் பாத்தேனே.

— நீங்கல்லாம் பொத்துனீங்க, நானும் பொத்துனேன். நீங்கல்லாம் ஓடுனீங்க, நானும் ஓடுனேன். எதுக்கு ஓடுனோம்னு வூட்டுக்குப் போயி அம்முவ கேட்டுத்தான் தெரிஞ்சிகினேன்.